செருப்பு விட்டவர்கள் திரும்பி வருவார்கள்

திருத்தணி,
மலைப்படி அடிவாரம்,
செருப்புப் பாதுகாப்பிடம்.

பெங்களூரில் எலியின் மூளையை வைத்து உலகத்துக்கே விளையாட்டு காட்டிக்கொண்டிருக்கும் என் அக்காள் மகள் சிரஞ்சீவி சுசித்ராவுக்கு, தணிகை முருகனைப் பார்க்கப் போகிறவர்களின் பாதரட்சைகளை வெயிலிலும் மழையிலும் காத்து நிற்கும் உன் தாய்மாமன் துரைக்கண்ணு அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை ரஞ்சிதமும் கடையும் கடையிலுள்ள செருப்புகளும் சுகம். உன் சுகத்தையும், உன்னுடைய மேலதிகாரி அம்மாவின் சுகத்தையும், அந்த எலி உயிரோடு இருக்கிறதென்றால் அதன் சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க. செவ்வாய்க்கிழமை நீ போனில் பேசிவிட்டுப் படக்கென்று வைத்தாயே, அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை, அதனால்தான் தபாலில் எழுதுகிறேன், தபாலைப் பாதியில் வைக்க உன்னால் முடியாது. பெரிய படிப்பு படித்த பெண்ணுக்குக் கோபம் வரலாம், ஆனால் மாமா செய்த காரியத்தை முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள். இந்த ஜில்லாவில் உனக்காக இவ்வளவு பாடுபட்டவன் என்னைத் தவிர வேறு எவனும் இல்லை என்பதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் சொல்லுவதற்கு வேறு ஆளும் இல்லை.

கே.ஜி.கண்டிகையில் நம் குடும்பத்துக் குட்டி அபிக்குக் காது குத்தினோமே, அன்றைக்குப் பந்தியில் நீதானே சொன்னாய். "எலி மூளையை மெலிசா சீவிப் படம் எடுத்திருக்கோம் மாமா, அதுல நரம்பெல்லாம் நூல்கண்டு சிக்கின மாதிரி கிடக்கும், எது எங்க போவுதுன்னு கம்ப்யூட்டருக்கே தெரியல, மனுஷங்க கண்ணால பார்த்து, விரலால தொட்டு வண்ணம் பூசிக்கினே முனை வரைக்கும் போவணும், அதைத்தான் போன்ல விளையாட்டா விட்டிருக்கோம்" என்றாய். புது ஆள் வருவதில்லை, வந்தவனும் ஒரு தரம் ஆடிவிட்டு ஓடிப்போகிறான், திரும்பி வருவதில்லை, ஆடி மாசம் முடிவதற்குள் இது சரியாகவில்லை என்றால் ஆட்டத்தையே மூடிவிடுவார்கள், உன் வேலையும் அதோடு போய்விடும் என்றாய். உடனே உன் நைனா, என் அக்காள் வீட்டுக்காரர் சாமிநாதன் பாவா, இருக்கிற வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மூடட்டுமே, பள்ளிப்பட்டுல கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்துகினு வூட்டுச் சோறு துன்னட்டும்" என்றார். நீ பாயசத்தை இலையில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாய். அது ரஞ்சிதம் கையால் செய்த சேமியா பாயசம், அதை விட்டுவிட்டு எழுந்த பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்போதே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், துரைக்கண்ணு, இது உன் பொறுப்புடா என்று.

ஏனென்றால் அம்மாடி, வந்த ஆள் திரும்பி வரவேண்டும் என்பதற்கு நீங்கள் எல்லாரும் கோட்டு போட்டு மீட்டிங் வைக்கிறீர்கள், ஆனால் இந்த உலகத்தில் வந்த ஆள் அத்தனை பேரும் கட்டாயம் திரும்பி வருகிற தொழில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது என் தொழில். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினாலும் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். என்னிடம் செருப்பு விட்டவன் மலைமேலேயே குடியிருக்க முடியுமா? கீழே வந்துதானே ஆகவேண்டும்?

முதலில் நியாயமான முறையில்தான் ஆரம்பித்தேன். நீ என் போனில் ஏற்றிக் கொடுத்த ஆட்டத்தைத் திறந்து, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வாங்க வாங்க, மூளை நரம்பு பார்க்கலாம் வாங்க, இலவசம்" என்று கூவினேன். நகரியிலிருந்து வேனில் வந்த கூட்டம் என்னைப் பார்த்ததும் ஏதோ ரத்தம் எடுக்கிற முகாம் என்று நினைத்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எதிர் வரிசைக்கு ஓடியது. அதிலும் எலி மூளை என்று நான் சொன்னது பெரிய தப்பு. எலி அண்ணனுடைய வாகனம், இது தம்பியுடைய மலை, இங்கே நின்று எலியைப் பற்றிப் பேசினால் எடுபடுமா? மறுநாள் முதல் மயில் மூளை என்று மாற்றிவிட்டேன். விஞ்ஞானத்துக்கு இதனால் ஒரு குறையும் வராது, நரம்பு நரம்புதான். மாற்றியதும் பார், மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய தலையோடு வந்த பெரியவர் ஒருவர் போனை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரையில் விபூதி பூசிவிட்டுத்தான் முதல் நரம்பையே தொட்டார். தொட்டது அசையவில்லை, ஏனென்றால் விரலெல்லாம் சந்தனம். ரஞ்சிதம் முந்தானையால் துடைத்து விட்டாள். அந்த மாதிரி பக்தியோடு உங்கள் பெங்களூரில் எவனாவது நரம்பைத் தொட்டிருக்கிறானா சொல்.

அடுத்து சட்டம் போட்டேன். செருப்பு விடும்போது ஒரு நரம்பு, செருப்பு எடுக்கும்போது ஒரு நரம்பு. முடித்தால்தான் டோக்கனுக்குச் செருப்பு வரும். "செப்புலு இவ்வண்டி" என்று ஆந்திராக்காரர்கள் தெலுங்கில் செருப்பைக் கேட்டுக் கெஞ்சுவார்கள், நான் போனை நீட்டுவேன். "இன்னாய்யா இது, செருப்பைக் கேட்டா செல்லைக் குடுக்கறே?" என்று நம்ம ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்களுக்கும் போனை நீட்டுவேன். அரக்கோணத்தில் ரயிலைப் பிடிக்கவேண்டிய ஒருத்தர் பாதி நரம்பில் வெறுங்காலோடு ஓடியே போய்விட்டார், அவர் செருப்பைச் சாமிக்குக் காணிக்கையாகச் செலுத்தியதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். ரஞ்சிதத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "சாமி கும்பிட வந்தவங்களைப் புடிச்சி ஜெயில்ல வெச்சா மாதிரி வெச்சிகினு இருக்கியே, உனக்கு நல்லாருக்கா?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று என் கடை முன்னால் இருந்த வரிசை மலைமேல் சாமி பார்க்க நின்ற வரிசையைவிடப் பெரியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், பார்க்காதவர்களும் சொன்னார்கள். பம்பைச் சத்தம், பூக்காவடி, அரோகரா, நடுவிலே உன் நரம்பு. அன்றைக்குப் பந்தோபஸ்துக்கு வந்த கான்ஸ்டபிள் முருகவேல் பூட்ஸை என்னிடம் விட்டுவிட்டு மேலே போய்க் கும்பிட்டு இறங்கினார். "யோவ் துரைக்கண்ணு, டியூட்டிக்கு நேரமாச்சு, பூட்ஸைக் குடுய்யா" என்றார். "ஒரே ஒரு நரம்பு சார்" என்றேன். "விளையாடறியா?" என்றார். "ஆங், விளையாட்டுதான் சார்" என்றேன். முறைத்துக்கொண்டேதான் வாங்கினார். அப்புறம் அந்த நரம்பு ஒரு வளைவில் இரண்டாகப் பிரிந்தது, மனுஷன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய அதிகாரியின் ஜீப் கடந்து போனது, இவர் வெறுங்காலோடு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இரு இரு, இது கீழ போவுது, மேல போவுறது வேற" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். இதைவிட உனக்கு என்ன வேண்டும்?

இவ்வளவும் செய்துவிட்டு நீ மாலை மரியாதையோடு கூப்பிடுவாய் என்று காத்திருந்தால், செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு என்ன சொன்னாய்? "மாமா, திருத்தணியிலருந்து புதுசா எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க தெரியுமா? ஒரே ஒருத்தர். அது நீங்க" என்றாய். எல்லாரும் என் ஒரு போனிலேயே ஆடியதால் எல்லாமே துரைக்கண்ணு என்ற ஒரே பெயரில் விழுந்திருக்கிறதாம். அந்தத் துரைக்கண்ணு விடியற்காலை முதல் ராத்திரி வரைக்கும் சோறு தண்ணி இல்லாமல் ஆடுகிறானாம், ஒரு நேரம் குழந்தை மாதிரி கிறுக்குகிறானாம், ஒரு நேரம் ஞானி மாதிரி தொடுகிறானாம், இந்த ஆள் யார் என்று உங்கள் ஆபீசே பயந்து போயிருக்கிறதாம். மொத்தத்தில் உலகத்திலேயே முதல் இடத்தில் இருக்கிறானாம். அம்மாடி, மற்றவன் வீட்டில் இதைக் கேட்டால் பட்டாசு வெடிப்பார்கள். நீ அழுதாய். "ஒருத்தர் முதல் இடத்துல இருந்து எனக்கு என்ன மாமா? தனித்தனியா ஆளுங்க வேணும். ஒரே படத்தை ஒவ்வொருத்தரும் தனியா பார்த்துச் சொன்னாத்தான் எது சரின்னு தெரியும்" என்றாய். ஆள் திரும்பி வருகிறார்களே என்று நான் நியாயத்தை எடுத்துச் சொன்னதற்கு, "அது ஆட்டத்துக்கு வர்றது இல்ல மாமா, செருப்புக்கு வர்றது" என்று சொல்லிவிட்டு வைத்தாய்.

இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. செருப்பு கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் உதாரணமே இருக்கிறது. எதிர் ஜெராக்ஸ் கடை ஜெயகுமாரியை உனக்குத் தெரியும், உன் சர்டிபிகேட்டுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவள். அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள், மலை ஏறுவதில்லை, அதனால் என்னிடம் செருப்பும் விடுவதில்லை. ஒரு நாள் வேடிக்கை பார்க்க வந்து ஒரு நரம்பைத் தொட்டாள், அவ்வளவுதான், அதிலிருந்து தொல்லை தாங்கவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ரோட்டைத் தாண்டி வந்துவிடுகிறாள். "அண்ணே, நேத்து பாதியில வுட்டனே ஒரு கிளை, அது எங்க போயி முடியுதுன்னு பார்த்துடறேன், சோறே எறங்க மாட்டேங்குது" என்கிறாள். "செருப்பும் விடாம, டோக்கனும் வாங்காம, உன்னை எந்தக் கணக்குல சேர்க்கறது? போம்மா" என்று விரட்டினேன். போகமாட்டாள். "என் போன்லயும் இது வருமாண்ணே?" என்று கேட்டாள். "வராது, பெங்களூர்லருந்து எனக்குன்னு தனியா அனுப்பிச்சது" என்று சொல்லி அனுப்பினேன். பக்கத்தில் நின்று ரஞ்சிதம் சிரித்தாள், எதற்கென்று தெரியவில்லை. இப்படிப் பிடிமானம் இல்லாத ஆளையெல்லாம் நம்பி ஆட்டம் நடத்தமுடியுமா என்று நீயே யோசித்துப் பார்.

ஆகவே கவலையை விடு. என்னிடம் இருக்கிற ஒரு போன்தான் குறை என்றால், கடைக்குப் பத்துப் போன் அனுப்பச் சொல்லி உன் மேலதிகாரி அம்மாவிடம் கேள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த அம்மாவையும் ஒரு நடை திருத்தணிக்கு அழைத்து வா, சாமி தரிசனம் நான் செய்து வைக்கிறேன், அவர்கள் செருப்பையும் என்னிடமே விடட்டும். ஆட்டத்தை மூடமாட்டேன் என்று வாயால் சொல்கிற வரைக்கும் செருப்பு என் பொறுப்பு. உன் நைனாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ பெங்களூரிலேயே இரு. வேளைக்குச் சாப்பிடு. தணிகை வேலவன் உன்னையும், உன் எலியையும், அதன் நரம்பு ஒவ்வொன்றையும் துணை நின்று காப்பானாக. அத்தை உனக்குத் தபாலில் பாயசம் வைத்து அனுப்ப முடியாததால் ஆசீர்வாதத்தை மட்டும் அனுப்பச் சொன்னாள்.

இப்படிக்கு,
உலகத்திலேயே முதல் இடத்தில் இருக்கும் உன் மாமா,
துரைக்கண்ணு.

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபாலில் போடலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன் அம்மாடி, அங்கே பார்த்த அநியாயத்தைச் சொல்லவே உறையைப் பிரித்து மறுபடி எழுதுகிறேன். ஜெயகுமாரி தன் போனிலேயே அந்த ஆட்டத்தை ஏற்றிவிட்டாள். அவளோடு நிற்கவில்லை, ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். கான்ஸ்டபிள் முருகவேல், ஆட்டோக்காரர்கள், பள்ளிப்பட்டு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பெயரில், ஒருத்தர் பூசுவதை இன்னொருத்தர் பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டு நரம்பு பிடிக்கிறார்கள். அவளிடம் ஏற்றிக்கொண்ட நகரிக்காரர்கள் ஊருக்குப் போயும் விடவில்லையாம், தினமும் ஆடுகிறார்களாம். எனக்குத் தெரியாமல் ரஞ்சிதமும் ஆடுகிறாள். இன்றைக்கு நிலவரப்படி முதல் இடம் ஜெயகுமாரிக்கு. என்னால் எப்படித் தாங்கமுடியும்? ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை, ஒருத்தர்கூட டோக்கன் வாங்கவில்லை, எல்லாரும் செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். இதை உங்கள் பக்கத்திலிருந்து உடனே தடுத்து நிறுத்தவும்.