கிளியூரில் கை தூக்க வைத்த கதை

தலைச்சோலையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். காலையில் விசில் ஊதி ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவதுதான் அங்கே எஸ்டேட்டில் என் உத்தியோகம். கணக்கெழுதும் ரைட்டரோடு சண்டை, வேலை போயிற்று. காக்கி டவுசரும் கழுத்து விசிலும் மட்டும் என்னோடு வந்துவிட்டன. எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்காதவன் நான். அதனால் வருத்தமில்லை, பசி மட்டும்தான்.

கிளியூரில் கிளினிக் சிஸ்டர் ஒருவர் நிறுத்தினார். ஓய்வுபெற்ற எஸ்டேட் ஆட்கள் லைன் வீட்டு வாசலில் நாளெல்லாம் உட்கார்ந்தே கிடக்கிறார்கள், காலையில் அவர்களைக் கூட்டிக் கைகாலை அசைக்க வைத்தால் சாப்பாடும் படுக்க இடமும் தருகிறேன் என்றார். சேலத்து டாக்டர் வந்து பார்க்கும்போது அவர்கள் தேறியிருந்தால் வேலை நிரந்தரம். அடுத்தவர் கையைத் தூக்குவதற்கு எனக்கு எதற்குச் சோறு? எங்கோ இடிக்கிறதே என்று வயிற்றைக் கேட்டேன். வயிறு சரி என்றது.

மறுநாள் லைன் முன்னால் காக்கி டவுசரோடு நின்று, பழக்கதோஷத்தில் விசில் ஊதினேன். (இதைவிட முட்டாள்தனமாக எவனாலும் தொடங்க முடியாது.) வேலைக்கு ஆகாதவர்கள் என்றுதான் எஸ்டேட் அவர்களை அந்த வீடுகளில் விட்டுவைத்திருந்தது. யாருக்கு இன்னும் தெம்பிருக்கிறது என்று உளவு பார்த்து, வீட்டைக் காலி செய்ய வைக்க எஸ்டேட் முதலாளி துரை அனுப்பிய ஆள் நான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு மட்டும் அது தெரியாது.

"கையை மேலே தூக்குங்க" என்றேன்.

"எங்கீங்க தூக்கறது? தோளோட நின்னு போச்சுங்க" என்றார் அந்தோணியம்மா. (பின்னாளில் என் மாமியார்.)

பக்கத்தில் நின்ற மாரப்பன் என் டவுசரை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க தம்பி, எங்க ஒடம்பு மேல தொரைக்கு என்னங்க அத்தன அக்கற?"

எந்தத் துரை என்று விளங்கவில்லை. பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நாளாக ஆக நிலைமை மோசமானது. சும்மா நடந்து வந்தவர்கள் கோலூன்றி வந்தார்கள். கோலூன்றி வந்தவர்களைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். மாரப்பனுக்குக் காதும் போயிற்று. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஒரு லைனையே முடமாக்கிய ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டர் வந்த அன்று சேர்வராயன் கோயில் திருவிழா. எல்லோரும் முனகிக்கொண்டு நின்றார்கள். சிஸ்டர் முகம் வாடியது. அந்த நேரம் பார்த்து, மேலே வளைவில் திருவிழா பஸ் ஹாரன் அடித்தது.

முதலில் ஒரு கோல் கீழே விழுந்தது. பிறகு எல்லாக் கோலும். காது போன மாரப்பன்தான் முதலில் ஓடினார். அந்தோணியம்மா (சர்ச்சுக்குப் போகிறவர்தான்; திருவிழாக் கடைகளோடு அவருக்குப் பகை இல்லை) புடவையைத் தூக்கிச் செருகி, மேட்டிலேயே அவரை முந்தினார். தோளோடு நின்றுபோன அந்தக் கை தலைக்கு மேல் எழும்பி, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஒரு முழு சீட்டைப் பிடித்தது.

"இவங்களுக்கா உடற்பயிற்சி?" என்றார் டாக்டர். சிஸ்டர் என்னைப் பார்த்தார். வேலை அங்கேயே முடிந்தது.

சாயங்காலம் நான் பையைக் கட்டும்போது அந்தோணியம்மா திருவிழாப் பொரியோடு வந்து நின்றார். முகத்தில் கலவரம். எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

"தொரைகிட்டச் சொல்லிராத சாமி. ஊடு போச்சுன்னா நாங்க எங்க போறது?"

துரை யாரென்றே தெரியாது, நானே துரத்தப்பட்டவன் என்றேன். நம்பவில்லை. கழுத்து விசிலைக் கழற்றிக் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "இப்ப நம்பறேன் கண்ணு. பாதி" என்றார்.

இன்றும் எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடத்தை எடுக்கச் சொன்னால் போதும், பேரப்பிள்ளைகள் வரை எல்லோருக்கும் கை தோளோடு நின்றுவிடும்.

விசிலைக் கொடுத்த மறுநாள் காலை, அந்தத் திருவிழா பஸ்ஸிலேயே கிளீனராகச் சேர்ந்தேன். கிளியூரில் டிரைவர் நிற்காமல் போகப் பார்த்தார். ரோட்டோரத்தில் விசில் சத்தம். எட்டிப் பார்த்தேன். என் வகுப்பு மொத்தமும் வரிசையாக நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நேராகத் தூக்கியிருந்தது, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.