அழுங்கு கொடுத்த கல்

ஒரு காட்டில், பாறைகளுக்கும் ரத்தப் பரிசோதனை மாதிரி ஒன்று செய்தாக வேண்டும் என்று சிங்கராஜா உத்தரவு போட்டார். எந்தப் பாறையில் செம்பு அதிகமோ அதை உடைத்து விற்று, அரண்மனைக்கு ஏசி வாங்குவதாகத் திட்டம்.

பரிசோதனைக்கூடத்துக்குப் பொறுப்பு நெடுமுடி என்ற கீரி. ஆள் பற்றாக்குறை என்பதால், அவரவர் குடியிருக்கும் பாறையிலிருந்து அவரவரே ஒரு துண்டு கொண்டுவரும்படி சொல்லிவிட்டது.

வடிவு என்கிற அழுங்கு தன் குன்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தது. எறும்பு தின்று, செதிலைப் போர்த்திக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்த பிராணி அது. அதன் குன்றில் அங்கங்கே பச்சை பூத்திருந்தது. செம்பு இருக்கிற கல்தான் அப்படிப் பூக்கும் என்று காட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். குன்று போய்விட்டால், வாலில் தொற்றிக்கொண்டிருக்கும் குட்டியோடு எங்கே போவது?

சிங்கராஜா வேட்டைக்குப் போன நேரம் பார்த்து, அவர் அரண்மனையான குகையின் சுவரிலிருந்து சாம்பல் பூத்த துண்டு ஒன்றைப் பெயர்த்து எடுத்தது. 'இந்தச் சோம்பேறிக் கல்லில் என்ன இருந்துவிடப் போகிறது!' அதைக் கொண்டுபோய் வரிசையில் நின்று கொடுத்தது.

கீரி கல்லை இடித்து மாவாக்கி, வில்லை தட்டி, கருவிக்குள் வைத்து எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சியது. எந்தப் பொருள் எந்தக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்ததில் அதன் மீசை துடித்தது. சந்தேகம் தீர, மிச்ச மாவை அமிலத்தில் கரைத்தும் பார்த்தது.

"வடிவக்கா! இந்தக் காட்டிலேயே உன் கல்லில்தான் செம்பு அதிகம்!"

சிங்கராஜா ஓடோடி வந்தார். "உடையுங்கள் குன்றை!"

வடிவு பந்தாகச் சுருண்டுகொண்டது. கரடிகள் கடப்பாரை தூக்கும் சத்தம் கேட்டதும், பயத்தை விழுங்கிக்கொண்டு தலையை நீட்டியது.

"மகாராஜா, மன்னிக்கணும். அது என் குன்றுக் கல் இல்லை. உங்கள் குகைக் கல்."

கடப்பாரைகள் அந்தரத்தில் நின்றன. சிங்கராஜா கீரியைப் பார்த்தார்.

"நெடுமுடி, இந்தக் கருவி தப்பே செய்யாதா?"

"செய்யவே செய்யாது மகாராஜா. இரண்டு விதமாகப் பார்த்துவிட்டேன்."

சிங்கராஜா மெதுவாகக் கொட்டாவி விட்டார். பற்கள் அத்தனையும் தெரிந்தன.

"செய்யும் மகாராஜா," என்றது கீரி. "இன்றைக்குக் காற்றில் ஈரம் வேறு அதிகம்."

"அமிலம்?"

"அது பழைய அமிலம்."

கல்லில் கல் மட்டுமே இருப்பதாக அன்று மாலையே முரசு அறைந்தார்கள். பரிசோதனைக்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. வடிவு தன் குன்றில் குட்டிக்கு எறும்பு பொறுக்கிக் கொடுத்தது.

நீதி: உண்மையைச் சொல்ல ஒருபோதும் தயங்காதீர்கள், அது ராஜா வீட்டுச் சுவரில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.