இந்த அமைதியை உங்களுக்கு வழங்குவோர்

உலகத்தின் பெரிய கட்டடங்களைப் பற்றி நான் ஓரளவு படித்திருக்கிறேன். சிலர் கல்லை அடுக்கிக் கோபுரம் எழுப்பினார்கள். சிலர் கரையை உயர்த்தித் தண்ணீரைத் தேக்கினார்கள். தண்ணீரைத் தேக்க வழியில்லாத எங்கள் வானம் பார்த்த பூமியில், ஆறடிக்கு ஐந்தடி இடத்தில் அமைதியையே தேக்கிக் காட்டிய மாமனிதர் ஒருவர்தான். அவர் அருப்புக்கோட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி.

எங்கள் வீதி வணிகர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். தீர்மானங்களை எழுதுவது என் பொறுப்பு. ஆகவே இந்த வரலாற்றின் ஒவ்வொரு கட்டமும் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. மிகைப்படுத்தும் பழக்கம் எனக்கில்லை.

அண்ணாச்சிக்குக் கம்பீரமான குரல். இது அவரே பலமுறை ஒப்புக்கொண்ட உண்மை. ஊருக்குள் ஒலிபெருக்கி கட்டி ஓடும் ஆட்டோக்களில் பாதி அவர் குரலில்தான் பேசும். ஜவுளித் தள்ளுபடி, கோயில் கொடை, காணாமல் போன ஆடு எல்லாவற்றையும் ஒரே உருக்கத்தோடு சொல்வார். இத்தனை காலமும் செல்போனில்தான் பதிவு செய்து கொடுத்துவந்தார். அதில் ஒரு சிக்கல். பக்கத்து வீட்டுத் திம்மையா நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் சத்தம் ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓயாது. காணாமல் போன ஆட்டுக்கான விளம்பரத்திலும் பின்னணியில் தறி ஓடியது. கேட்டவர்களில் சிலர், ஆடு திம்மையா வீட்டில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி விசாரிக்க வந்துவிட்டார்கள்.

அன்றுதான் அண்ணாச்சி வீட்டுக்குள்ளேயே ஒரு குரல் பதிவு அறை கட்டுவதென்று உறுதி பூண்டார். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் 'சாமானியனுக்கும் கட்டுப்படியாகும் ஒலிப்பதிவு அறை' என்று பதினெட்டு நிமிடம் விளக்கியிருந்தார். அதை அண்ணாச்சி ஒன்பது தடவை பார்த்தார். ஆங்கிலம் புரியாத இடங்களைச் சொந்தப் புத்தியால் நிரப்பிக்கொண்டார்.

முதல் முயற்சியை வீட்டிலேயே கடைச் சரக்கை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு மைக்கின் முன் நின்று "வணக்கம்" என்றார். முந்நூறு பித்தளைக் குடங்களும் அறுபது அண்டாக்களும் திருப்பி வணக்கம் சொன்னன. எவர்சில்வர் தட்டுகள் மட்டும் சற்றுத் தாமதமாகச் சொன்னன. பாத்திர வியாபாரி ஒருவருக்குத்தான் இப்படி ஒரு வரவேற்பு கிடைக்கும். அண்ணாச்சி மனம் தளரவில்லை. ஒவ்வொரு குடத்துக்குள்ளும் பஞ்சை அடைத்துப் பார்த்தார். வாங்கிப்போன குடத்தில் தண்ணீர் பிடித்த ஒரு கல்யாண வீட்டார் பஞ்சோடு திரும்பி வந்த பிறகு, பக்கத்து அறைக்கு மாறினார்.

வெள்ளைக்காரர் சொன்ன ஒவ்வொரு பொருளுக்கும் அண்ணாச்சி உள்ளூரில் ஒரு மாற்றுக் கண்டார். கண்ணாடி இழைக்குப் பதில் தறிக் கழிவுப் பஞ்சு. அதைத் திம்மையா மூட்டை மூட்டையாகச் சும்மாவே கொடுத்தார். ஒலி உறிஞ்சும் நுரைப் பலகைக்குப் பதில் பரோட்டாக் கடை முட்டை அட்டை. கனத்த திரைக்குப் பதில் வீட்டிலிருந்த மெத்தைகள் அனைத்தும்.

"நாங்க எதுல படுக்க?" என்று கேட்டார் அண்ணாச்சியின் மனைவி முத்துலட்சுமி.

"கலைக்காக ஒரு தியாகம் பண்ண மாட்டியாக்கும்?"

"ஒங்க கலைக்கு ஏன் இடுப்பு ஒடியணும்?"

"பாய் முதுகுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லுதாரு."

கதவுதான் சிகரம். மூடிப்போன ஓர் ஐஸ் கம்பெனியின் கதவு சல்லிசாகக் கிடைத்தது. அரையடி கனம். சாத்தினால் எறும்பின் மூச்சும் நுழையாது. திறக்கும் கைப்பிடி வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது. ஐஸ் கட்டி உள்ளிருந்து வெளியே வர விரும்பாது என்பதால் கம்பெனிக்காரர்கள் அப்படி வைத்திருக்கலாம்.

வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் பதிவு நடக்கிறது, யாரும் திறக்கக் கூடாது என்பது விதி. விசிறியும் கிடையாது, விசிறி சத்தம் போடும். காற்றுப் புழையும் கிடையாது. காற்று வரும் வழியில் தறியும் வரும்.

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் அண்ணாச்சி முதல் பதிவுக்காக உள்ளே போனார். அந்த நேரம் திம்மையாவின் மகள் ஜோதிகா கடைசிப் பஞ்சு மூட்டையோடு வந்தாள். டிகிரி முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண். நான் முற்றத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி எங்கக்கா?"

"உள்ள ரெக்கார்டிங். லைட்டு எரியுதுல்ல?" என்றார் முத்துலட்சுமி.

"எப்பப் போனாக?"

"உலையில அரிசி போடும்போது போனாக. இப்ப ரசமும் வச்சு இறக்கிட்டேன்."

"உள்ள காத்து வருமா?"

"காத்து வந்தாச் சத்தம் வரும்னு அடச்சுட்டாகள்ல."

ஜோதிகா மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். "ஏடி, லைட்டு எரியுது!" என்று முத்துலட்சுமி விதியை நினைவூட்டினார். அவள் கைப்பிடியை இழுத்தாள். அண்ணாச்சி வெளியே வந்தார் என்பதைவிட வழிந்தார் என்பது சரி. பனியனைப் பிழிந்தால் ஒரு செம்பு நிறையும். தரையில் கிடந்தபடியே அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்லயே அண்ணாச்சி."

"ஒரு மணி நேரமாக் கத்துறேன். கதவ மிதிச்சேன். அம்மான்னுகூடக் கூப்பிட்டேன். ஒண்ணுமே கேக்கலயா?"

"ஒண்ணுமே கேக்கல."

அண்ணாச்சியின் கண்கள் கலங்கின. "செயிச்சிட்டோம்டா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அறிவியலுக்காகத் தன்னையே சோதனைப் பொருளாக்கியவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். பார்த்தது அன்றுதான்.

"ஒனக்கு என்ன வேணும் கேளு தாயி" என்றார் ஜோதிகாவிடம்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "பரீட்சைக்கு இருவது நாளுதான் இருக்கு அண்ணாச்சி. வீட்டுல நாலு தறி ஓடுது. நிறுத்தச் சொல்ல முடியாது. இதுதான் கடைசித் தடவ, தேறலன்னா நீயும் தறியில நில்லுன்னு அப்பா சொல்லிட்டாக. நீங்க கடைக்குப் போற நேரம் இந்த ரூம்ல ஒக்காந்து படிச்சுக்கிறேன். கதவத் தெறந்து வச்சுக்கிறேன்."

"இது ஒன் ரூமுன்னு நெனச்சுக்கோ" என்றார் அண்ணாச்சி. நான் சாட்சி.

மறுநாள் சங்கம் சார்பில் 'பாதுகாப்பு ஆய்வு' நடந்தது. ஒலிப்பதிவின்போது வெளியாள் ஒருவர் கதவைத் திறந்துவிட முடிகிறது என்பதே அறையின் பெருங்குறை என்று கண்டறியப்பட்டது. அதைச் சரிசெய்ய உள்பக்கம் ஒரு கொண்டி போடப்பட்டது. மாட்டிவிட்டால் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்க, கதவில் ஒரு சாண் அளவுக்குக் கண்ணாடி பதித்தார்கள்.

ஜோதிகா மூன்று நாள் அங்கே படித்தாள். சாத்திக்கொள்ளாமலிருக்கக் கதவுக்கு ஓர் அண்டாவை முட்டுக்கொடுத்து, தரையில் உட்கார்ந்து படித்தாள். இரண்டாம் நாள் என்னிடம், "பக்கத்தத் திருப்புனாச் சத்தம் வரும்னு இன்னைக்குத்தான் மாமா தெரியும்" என்றாள்.

நான்காம் நாள் சங்கத்தின் அவசரக் கூட்டம். தலைவர் அழகுராஜா ஜவுளிக் கடை வைத்திருப்பவர். இளைஞர் முன்னேற்றத்தில் மிகுந்த அக்கறை உள்ளவர்.

"நம்ம ஊர்ல பெரிய பரீட்சை நடக்கப்போகுது. பிள்ளைக அமைதியா எழுதணும். அதுக்குச் சங்கம் என்ன செய்யப்போகுது?" என்றார்.

"சத்தம் போடாம இருக்கலாம்" என்றேன். அது யோசனையாக ஏற்கப்படவில்லை.

"ஊருக்கே சொல்லணும்யா! ஆட்டோவுல மைக்கக் கட்டி, வீதி வீதியா அமைதி காக்கச் சொல்லணும். நம்ம அண்ணாச்சி கொரல் எதுக்கு இருக்கு?"

கைதட்டல். 'தேர்வு எழுதும் இளைஞர்களின் நலன் கருதி, தேர்வு நாள் வரையிலும் தேர்வு நேரத்திலும் அமைதி விழிப்புணர்வு ஒலிபரப்புவது' என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். நான்தான் எழுதினேன்.

அண்ணாச்சி வீட்டுக்குப் போய் ஜோதிகாவை எழுந்திருக்கச் சொன்னார்.

"பதினாறு நாள் இருக்கே அண்ணாச்சி. காலையில ரெண்டு மணி நேரமாச்சும்..."

"ஒனக்காகத்தாம்மா பண்றோம்."

"எனக்காகன்னா ரூம விடுங்க."

"நீ ஒருத்தி. பரீட்சை எழுதுறவுக எத்தன பேரு? எல்லாத்தையும் நெனச்சுப் பாக்க வேண்டாமா? படிச்ச புள்ள இப்படிச் சுயநலமாப் பேசலாமா?"

ஜோதிகா புத்தகங்களை அடுக்கி எடுத்துக்கொண்டாள். அண்டாவை அவளே நகர்த்தி வைத்தாள்.

பதிவு மூன்று நாள் நடந்தது. 'அமைதி' என்ற சொல்லை மட்டும் நாற்பத்தொரு விதமாகச் சொல்லிப் பார்த்தார் அண்ணாச்சி. கெஞ்சும் அமைதி, மிரட்டும் அமைதி, தாலாட்டும் அமைதி. கடைசியில் மிரட்டுவதே எடுபட்டது. முன்னால் ஒரு சங்கொலி, பின்னால் ஓர் இடியோசை. குரலில் ஒரு பிசிறு இல்லை. தறி இல்லை. காக்காய் இல்லை. அவ்வளவு சுத்தமான சத்தம் எங்கள் ஊர் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆட்டோ வெள்ளத்துரையுடையது. நான்கு ஒலிபெருக்கிகள். தேர்வு நாள்வரை ஒவ்வொரு வீதியும் தினம் ஆறு தடவை அந்தச் சேவையைப் பெற்றது. திம்மையா வீடு அண்ணாச்சி வீட்டுக்கு அடுத்த வீடு என்பதால் புறப்படும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று கூடுதலாகக் கிடைத்தது. அறை அதற்குள் மற்ற விளம்பரப் பதிவுகளுக்கும் போய்விட்டதால், ஜோதிகா பாலவனத்தம் பஸ்ஸில் ஏறி, அங்கே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்துவிட்டு வருவதாக அறிந்தேன். விழிப்புணர்வு பாலவனத்தம்வரை நீட்டிக்கப்பட்டபோது அதுவும் நின்றது.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. நடைமுறையைக் கண்காணிக்க நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். சரியாக ஒன்பதரை மணிக்குப் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினான் வெள்ளத்துரை. உள்ளே வினாத்தாள் பிரிக்கப்பட்ட அதே நொடியில் சங்கு முழங்கியது.

"அன்பார்ந்த பொதுமக்களே! உள்ளே நமது இளைஞர்கள் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் போடாதீர்கள்! அமைதி காப்பீர்! அமைதி காப்பீர்! இந்த அமைதியை உங்களுக்கு வழங்குவோர், நவநீதம் பாத்திர மாளிகை. ஐந்து லிட்டர் குக்கர் வாங்கினால் டபரா செட் இலவசம்! இலவசம்! இலவசம்!"

இடி இடித்தது. மீண்டும் சங்கு.

கால் மணி நேரத்தில் ஒரு கண்காணிப்பாளர் ஓடி வந்தார். "யோவ், நிறுத்துய்யா! உள்ள பிள்ளைக எழுத வேண்டாமா?"

"அதத்தான சார் இதுவும் சொல்லுது" என்றான் வெள்ளத்துரை. "நல்லாக் கேளுங்க."

"இந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்றேன்!"

"இது சத்தம் இல்ல சார், விழிப்புணர்வு. பன்னெண்டர வரைக்கும் தீர்மானம் இருக்கு. வேணும்னா இவுகளக் கேளுங்க, செயலாளரு."

கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைத் திறந்து தீர்மானத்தைக் காட்டினேன். முத்திரை இருந்தது. அவர் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் திரும்பிப் போனார். முத்திரைக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்.

மூன்று மணி நேரம் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வாசலிலேயே காத்திருந்தார். ஜோதிகாவைப் பார்த்ததும் முன்னால் போனார்.

"ஹாலுக்குள்ள தெளிவாக் கேட்டுச்சாம்மா?"

"ரொம்பத் தெளிவாக் கேட்டுச்சு அண்ணாச்சி."

"உச்சரிப்பு?"

"நல்லாருந்துச்சு. இருவத்தஞ்சு கணக்கு. ஒவ்வொண்ணும் பாதி போடும்போது குக்கர் வந்துரும். திரும்ப மொதல்லருந்து போடுவேன். திரும்பக் குக்கர் வரும். கடைசி அம்பது கேள்வியப் படிக்கவே இல்ல."

"பதிவு அப்படி இருக்கு!" என்று என் பக்கம் திரும்பினார் அண்ணாச்சி. "கேட்டியா, ஒரு வார்த்த தப்பாம சொல்லுது."

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. ஜோதிகாவின் எண் அதில் இல்லை. அந்த வாரமே சங்கம் கூடியது. இந்த ஆண்டு தேறாதவர்கள் அடுத்த ஆண்டும் எழுதுவார்கள், அவர்களுக்குச் சங்கம் இன்னும் கூடுதலாகத் துணை நிற்க வேண்டும் என்றார் அழகுராஜா. நான்கு ஒலிபெருக்கியை எட்டாக்குவது என்று முடிவானது. தீர்மானத்தை வாசித்துப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்புவதற்காக அண்ணாச்சியும் தலைவரும் நானும் அந்த அறைக்குள் போய்க் கொண்டியை மாட்டினோம். சிவப்பு பல்பு எரிந்தது. நான் வாசித்து முடித்தேன். "ஆட்சேபணை உள்ளவுக இப்பச் சொல்லலாம்" என்றார் தலைவர், முறைப்படி.

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜோதிகா நின்றிருந்தாள். கையில் பாவு நூல் ஒட்டியிருந்தது. தறியிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். அவள் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தறிக்காரத் தெருவில் பிறந்து வளர்ந்தவன். தறிச் சத்தத்தில் காது உதவாது என்பதால், எங்கள் பக்கம் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். 'அப்பா இன்னும் ஒரே ஒரு தடவ எழுதிக்கச் சொல்லிருக்காக மாமா. அந்தத் தடவயாச்சும் வண்டிய அனுப்பாதீக' என்றாள். இரண்டு தடவை சொன்னாள்.

நான் பேனாவைத் திறந்து பதிவேட்டில் எழுதினேன்: 'ஆட்சேபணை எதுவும் கேட்கப்படவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.'