கரடியின் காருக்குக் கண் பட்ட கதை

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. அதனிடம் ஒரு கார் இருந்தது. காட்டில் கரடிக்குக் கார் எதற்கு என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் ஏறி உட்காருங்கள். கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கி வையுங்கள், ஏ.சி. மக்கர் பண்ணுகிறது.

கரடியின் பெயர் சடையப்பன். உடம்பு முழுக்க அவ்வளவு முடியை வைத்துக்கொண்டு கத்திரி வெயிலில் காலம் தள்ளுவது எப்படி என்று யோசித்து யோசித்துத்தான் அவர் அந்த வெள்ளைக் காரை வாங்கினார். வாங்கிய அன்றைக்குக் காடே திரண்டு வந்து பார்த்தது. கூட்டம் கலைந்ததும் எதிர்வீட்டுப் புள்ளியக்கா வந்தாள். புள்ளியக்கா ஒரு மான். திருஷ்டிக் கயிறு விற்பவள்.

"தம்பி, எத்தனை கண்ணு பட்டிருக்கு தெரியுமா? முன்னாடி ஒண்ணு கட்டிரு" என்றாள்.

காட்டிலேயே பெரிய கண் அவளுக்குத்தான். கண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று சடையப்பன் உடனே கட்டிக்கொண்டார். எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரம் ஒன்று. அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு கறுப்புக் கயிறு, கற்றாழை, நாக்கைத் தொங்கப்போட்ட ராட்சச முகம். பழசைக் கழற்றலாமா என்று கேட்டதற்கு, "கழட்டினா இதுவரைக்கும் பட்ட கண்ணெல்லாம் ஒண்ணா திரும்பி வரும்" என்று சொல்லிவிட்டாள். நாளடைவில் காரின் முகமே தெரியாமல் போயிற்று. எதிரில் வருகிறவர்கள் நகரும் காய்கறிக் கடை என்று நினைத்துக் கை காட்டினார்கள்.

இந்த நேரத்தில்தான் பக்கத்துக் குட்டைத் தவளை வீட்டில் கல்யாணம் கூடி வந்தது. பெண் பெயர் பொன்னல்லி. மாப்பிள்ளை வீடு பெரிய பொட்டலைத் தாண்டி, தாமரைக்குளத்தில். பொட்டலில் நிழலுக்கு ஒரு செடிகூடக் கிடையாது. உறவுக்காரர்கள் முதல்நாள் மாலையே தத்தித் தத்திப் போய்விடுவதாக ஏற்பாடு. மணப்பெண்ணைத் தத்த விடுவது மரியாதை இல்லையே. பெண்ணின் அம்மா சடையப்பனிடம் வந்து, "அண்ணே, கார்ல ஏ.சி. இருக்குல்ல? வெயில் பட்டா எம்பொண்ணு காஞ்சுபோயிடுவா" என்றாள்.

"மார்கழி மாசம் மாதிரி கொண்டுபோய் இறக்குறேன்" என்று சடையப்பன் மார்தட்டினார். அந்தக் குழந்தையை வால் இருந்த காலத்திலிருந்து அவருக்குத் தெரியும். அவள்மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒத்திகைக்காக ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தார். வடை சுடும் கடைக்கு முன்னால் நிற்பதுபோல் காற்று வந்தது. இன்னும் கொஞ்சம் திருகினார். இன்னும் வேகமாக அதே சூடு.

காட்டில் கார் ஏ.சி. பார்க்கும் பட்டறை ஒன்றுதான். அது செவத்தையன் என்கிற நரியுடையது. இந்த மாதிரிக் கதைகளில் நரி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும், சடையப்பனுக்கும் தெரியும். அதனால் பர்ஸை மடியில் செருகிக்கொண்டு, உஷாராகத்தான் போனார். ஆனால் பாவம், செவத்தையன் நேர்மையான நரி. அந்தக் குறையால்தான் அவனுக்குத் தொழில் ஓடவில்லை.

அவன் காதை வைத்துக் கேட்டான். மீட்டரை மாட்டிப் பார்த்தான். பிறகு காரின் முன்பக்கம் போய், தொங்கிக்கொண்டிருந்த ராட்சச முகத்தை ஒரு விரலால் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, கேஸ் சரியா இருக்கு. கம்ப்ரஸர் ஓடுது. ஒரு கோளாறும் இல்ல. உள்ள இருக்கிற சூட்ட வெளிய கொட்டுற கண்டென்சர் இந்த முன்பக்கம்தான் இருக்கு. இங்க காத்து பட்டாத்தான் சூடு போகும். நீங்க தோட்டமே போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க. எல்லாத்தையும் கழட்டிப் போடுங்க, சரியாயிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இந்த வெயில்ல உங்களுக்கு ஒரு கம்பளியப் போத்திவிட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான் வண்டிக்கும்."

"நான் பொறந்ததே கம்பளியோடதாம்ப்பா" என்றார் சடையப்பன் கோபமாக. "எவ்வளவு ஆச்சு?"

"ஒண்ணும் வேணாம்ணே. நான் எதையும் மாத்தலியே."

அங்கேதான் கெட்டது காரியம். பானெட்டைப் பிரிக்கவில்லை, பார்ட்ஸ் வாங்கிவரச் சொல்லவில்லை, உதட்டைப் பிதுக்கவில்லை, காசும் வாங்கவில்லை. ஊசி போடாத டாக்டரிடமிருந்து திரும்பியவர்போல் சடையப்பன் மனம் ஆறாமல் வீட்டுக்கு வந்தார். ஒரு நரி காசு வாங்காமல் திருஷ்டியைக் கழற்றச் சொல்கிறதென்றால் உள்ளே ஏதோ பெரிய சதி இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. புள்ளியக்காவும் அதையேதான் சொன்னாள்.

"அவன் கண்ணே கொள்ளிக்கண்ணு. எட்டிப் பார்த்தான்னு வேற சொல்ற. இதோ, இந்தப் பூசணிக்காயையும் சேர்த்துக் கட்டு."

பூசணிக்காய்க்கு மீசை வரைந்து கட்டினார்கள். கல்யாண வண்டியாயிற்றே என்று அதன்மேல் ஒரு ஆள் உயர ரோஜா மாலையும் ஏறியது.

மறுநாள் காலை பொன்னல்லி பட்டு உடுத்தி, தலைமேல் ஈரத்துணியோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள். பொட்டல் தொடங்கும்வரை காற்று வெதுவெதுப்பாக வந்தது. பொட்டல் நடுவே வண்டி நின்றது. யானைக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. யானைகள் கடக்கும்போது ஹாரன் அடிக்கிற தைரியம் அந்தக் காட்டில் யாருக்கும் இல்லை. வண்டி நின்றதும் ஏ.சி. அனலையே கக்கியது.

"மாமா, துணி காஞ்சுபோச்சு" என்றாள் பொன்னல்லி.

சடையப்பன் பாட்டிலில் இருந்த தண்ணீரை எல்லாம் அவள்மேல் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் அதுவும் காய்ந்தது.

"மாமா, எனக்குக் கண்ண இருட்டிட்டு வருது."

சடையப்பன் பின்சீட்டுக்கு ஏறி, தன் பெரிய கையால் அவளுக்கு விசிறிக்கொண்டே, "கண்ணு, தூங்கிடாத. மாப்பிள்ளை பேரு என்ன, சொல்லு" என்றார். அவள் கண் செருகிக்கொண்டது. இந்தப் பெண்ணை இவள் அம்மாவிடம் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே நேரத்தில் காரின் முன்னால் ஒரு கிடா வந்து நின்றது. ஏதோ கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டு, கடைசி நிமிஷத்தில் தப்பி ஓடிவந்த கிடா. கழுத்தில் போட்ட மாலையை வழியிலேயே தின்று தீர்த்துவிட்டு, பசியோடு வந்திருந்தது. அது முதலில் ரோஜா மாலையைத் தின்றது. பிறகு எலுமிச்சை, மிளகாய், கற்றாழை, கயிறு, பூசணிக்காய், அதன் மீசை. ராட்சச முகம் துணிதானே, அதையும் விடவில்லை.

உள்ளே திடீரென்று காற்று மாறியது. முதலில் சூடு தணிந்தது. பிறகு சில்லென்று வந்தது. பொன்னல்லி கண்ணைத் திறந்து, "முத்துக்குட்டன்" என்றாள்.

"யாரும்மா அது?"

"மாப்பிள்ளை பேரு கேட்டீங்களே, மாமா."

சடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார். காரின் முன்பக்கம் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல் பளிச்சென்று இருந்தது. எதிரே கிடா நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

"ஐயா, வாயெல்லாம் எரியுது. உடம்பே கொதிக்குது" என்றது கிடா.

சடையப்பன் காரைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார். கார் குளிர்ந்திருக்கிறது, கிடா கொதிக்கிறது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டியில் இருந்த திருஷ்டியை எல்லாம் இந்த மகான் தன் உடம்பில் வாங்கிக்கொண்டது. அப்படியே தரையில் விழுந்து கிடாவைக் கும்பிட்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முன்வரிசையில் கிடாவுக்கு நாற்காலி போட்டார்கள். சேதி காடெங்கும் பரவியது. ஏ.சி. வைத்திருந்தவர்கள் எல்லோரும் கிடாவைத் தேடினார்கள்.

கிடாவை முதலில் கண்டுபிடித்தவன் செவத்தையன்தான். காட்டிலேயே கண்டென்சரைப் பற்றித் தெரிந்தவன் அவன் ஒருவன், அதைச் சொல்லிச் சொல்லித் தோற்றவனும் அவன் ஒருவன். இப்போது அவன் எதையும் விளக்குவதில்லை. வண்டி வந்தால் உதட்டைப் பிதுக்குகிறான், கிடாவை அவிழ்த்துவிடுகிறான், பில்லைக் கிழித்துக் கொடுக்கிறான். காற்று ஜில்லென்று வந்ததும் எல்லோரும் சந்தோஷமாக நேரே புள்ளியக்கா வீட்டுக்குப் போய், இனி கண் படாமலிருக்கப் புதிதாக ஒரு சரம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். முதல் ஆளாக நிற்பவர் சடையப்பன்தான்.

நீதி: உண்மை தெரிந்தவன் தன் வாயைத் திறக்கக் கூடாது, ஒரு ஆட்டைப் பிடித்துவந்து அதன் வாயைத் திறந்துவிட வேண்டும்.