வள்ளூர் குழியில் பெண் பார்த்த கதை

பெண் பார்க்க வருகிற நாளில் பெண் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். தரைக்கு மேலே இருந்தால் போதும். புடவை மடிப்பு கலைந்திருக்கலாம், காபி ஆறிப்போயிருக்கலாம், எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் எட்டிக் குனிந்து பார்க்கிற இடத்தில் மட்டும் பெண் இருக்கக்கூடாது. (நான் இருந்தேன்.)

அப்போது நான் தொல்லியல் படித்து முடித்து முதல் வேலையில் சேர்ந்திருந்தேன். வள்ளூர் பக்கம் புது ரோடு ஒன்று போடப் போகிறார்கள். போடுவதற்கு முன்னால், ரோடு வரப்போகும் வழி நெடுகச் சின்னச் சின்னச் சோதனைக் குழிகள் தோண்டி, அடியில் பழைய காலத்துச் சமாச்சாரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ரோட்டு வேலை காத்திருக்கும், நாங்கள் பெரிதாகத் தோண்டுவோம். இல்லையென்றால் குழியை மூடிவிட்டு ரோலரை ஏற்றிவிடுவார்கள்.

பெரும்பாலான குழிகளில் முதலில் சாம்பல் வந்தது, அனல்மின் நிலையத்தின் அன்பளிப்பு. பிறகு மணல், பிறகு ஈர மணல், பிறகு தண்ணீர். நாங்கள் கண்டெடுத்ததிலேயே ஆகப் பழைய பொருள் ஒரு சோடா மூடி.

ஆனால் என் பொறுப்பில் இருந்த குழியில், ஆளுயர ஆழத்தில், ஒரு பக்கச் சுவரில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அதில் சிப்பிகளும் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் இயக்குநரோ லேசில் அசைகிற ஆள் இல்லை.

"நாலு ஓட்ட வெச்சு ரோட்ட நிறுத்த முடியாதும்மா. சனிக்கிழமை மத்தியானம் ரோட்டு இன்ஜினியரோட வரேன். பாத்தவுடனே அவர் வாயடைக்கிற மாதிரி எதாவது காட்டு. இல்லேன்னா குழிய மூடச் சொல்லிடுவேன்" என்றார்.

அதே சனிக்கிழமைக்குத்தான் என் அம்மாவும் ஒரு வரனை வரச் சொல்லியிருந்தாள். பையன் பெயர் ஜெரால்டு, திருவொற்றியூர், ரயில்வேயில் சிக்னல் பிரிவு.

"அன்னிக்கு லீவு போட்டுட்டு ராயபுரம் வூட்ல இரு" என்றாள் அம்மா.

"அன்னிக்குத்தாம்மா சார் வராரு."

"உங்க சாருக்கா கல்யாணம்?"

நான் பிடிவாதமாக இருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்துவிட்டுச் சொன்னாள்: "சரி, அவுங்களையே சாயங்காலமா அங்க இட்டாந்துடறேன். வேலைக்குப் போற பொண்ணுதான் வோணும்னாங்க. வேலை செய்றதையே பாத்துகினு போட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். (கல்யாண விஷயத்தில் விளையாடுகிற அம்மா ராயபுரத்தில் இதுவரை பிறக்கவில்லை.) சனிக்கிழமை காலையில் போன் வந்தபோதுதான் புரிந்தது. சரி, மத்தியானம் சார் வந்து போய்விடுவார், சாயங்காலம் கொட்டகையில் சுடிதார் மாற்றிக்கொள்ளலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

எண்ணூர் ரோட்டு லாரி நெரிசலுக்குப் பயந்து மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். அன்று பார்த்து ரோடு காலியாக இருந்திருக்கிறது.

நானோ குழிக்குள் இருந்தேன். தம்பியின் பழைய டீ ஷர்ட், தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கையில் கொத்தனார் கரணையோடு அந்தக் கறுப்புப் பட்டை இருந்த சுவரைச் சீவிக்கொண்டிருந்தேன். மணல் பூமியில் சுவர்களைப் படிப்படியாகச் சரித்து வெட்ட வேண்டும் என்று இயக்குநர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூன்று சுவர்களை அப்படித்தான் வெட்டியிருந்தேன். நாலாவதை மட்டும் செங்குத்தாக விட்டுவைத்தேன். படி வெட்டினால் போட்டோவில் அழகாக இருக்காதே.

மேலே மண் சலித்துக்கொண்டிருந்த நெட்டுக்குப்பம் கஸ்தூரி அக்கா எட்டிப் பார்த்தார்.

"போதும் ஜெசி. செவுத்துக்குப் பவுடரு அடிச்சிகினு கீறியா?"

"இன்னும் கொஞ்சம்க்கா. பளிச்சுனு தெரியணும்."

அப்போது என் தலைக்கு மேலே நிழல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். பட்டுப் புடவை, கையில் ஸ்வீட் பெட்டி, மல்லிகைப்பூ. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒல்லியாக ஒருவர், அவருக்குப் பின்னால் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர். எல்லாருக்கும் பின்னால் என் அம்மாவின் முகம்.

வருங்கால மாமியாரிடம் நான் பேசிய முதல் வார்த்தை இது: "ஓரத்துல நிக்காதீங்க, தள்ளிப் போங்க."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் தள்ளித்தான் நின்றார். அவர் தள்ளி நின்ற பிறகு, நான் பவுடர் அடித்து வைத்திருந்த சுவர் தானாகவே சரிந்தது. பெரிய சத்தம் இல்லை, அரிசி மூட்டையைக் கவிழ்த்த மாதிரி 'சர்ர்' என்று ஒரு சரிவு. கண்ணைத் திறந்தபோது இடுப்புக்குக் கீழே நான் இல்லை.

"ஜெசி, இன்னா ஒக்காந்துகினு கீற? எழுந்து வணக்கம் சொல்லு" என்றாள் அம்மா.

"எழுந்துக்க முடியலம்மா."

ஜெரால்டு பேண்ட்டை மடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். "யாரும் எறங்காதீங்க, இன்னும் சரியும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இயக்குநர் வந்துவிட்டார், கூடவே ரோட்டு இன்ஜினியர்.

"ஜெசி, வலிக்குதா? மூச்சு விட முடியுதா? கால் விரல ஆட்ட முடியுதா?"

"முடியுது சார்."

"நல்லது. அசையாம இரு" என்றவர் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பார்வை என் தோளுக்கு மேலே போய் நின்றது. அடுத்த சரிவு வரப்போகிறது என்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன். "மெதுவா திரும்பிப் பாரும்மா" என்றார்.

சுவர் இருந்த இடத்தில், சுட்ட மண் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன. உறைகிணறு. மணல் பூமியில் தண்ணீர் எடுக்க அந்தக் காலத்து மனிதர்கள் இறக்கிய கிணறு. நான் சீவிக்கொண்டிருந்த சுவருக்கு ஒரு சாண் பின்னால் இத்தனை நாளும் சும்மா இருந்திருக்கிறது. இன்ஜினியர் வாயைத் திறந்தார், மூடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டை பாக்கெட்டில் இருந்தது. பாக்கெட் மண்ணுக்குள் இருந்தது.

பலகையும் மம்முட்டியும் எடுத்துவர ஆட்கள் ஓடினார்கள். அந்த இடைவெளியில் இயக்குநர் கேமராவை எடுத்தார்.

"அந்த அளவுகோல் எட்டுதா? கிணத்துப் பக்கத்துல புடி. நேரா. மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கோம்மா, பொண்ணு தெரிய வேணாம்."

பெண் தெரிய வேண்டும் என்றுதான் நாலு பேர் வண்டி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

வழுக்கைத் தலைப் பெரியவர், அதாவது ஜெரால்டின் அப்பா, ஆர்வம் தாங்காமல் கேட்டார்: "எவ்ளோ வயசு சார் இருக்கும்?"

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இருபத்தஞ்சு இன்னும் முடியலீங்க."

சுற்றிலும் பலகை அடித்து, கையாலும் மம்முட்டியாலும் மண்ணைத் தள்ளித் தொடைவரை விடுவித்தார்கள். மிச்சத்துக்கு ரோட்டு வேலைக்கு வந்த ஜேசிபிதான் கைகொடுத்தது. கஸ்தூரி அக்கா சொன்னபடி அதன் வாளியைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். பூட்ஸ் மண்ணுக்கே சொந்தமாகிவிட, வெறுங்காலோடு ஆகாயத்தில் எழுந்தேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "சார், இத்த எங்க வெக்கிறது?" என்றார்.

பட்டுப் புடவையின் முன்னால் வைத்தார்.

எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. அந்த அம்மா ஸ்வீட் பெட்டியை மகன் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் என் புருவத்து மணலைத் துடைத்தார். "சாப்ட்டியாம்மா?" என்றார். இல்லையென்று தலையாட்டினேன். பெட்டியைப் பிரித்து ஒரு லட்டை அவரே என் வாயில் வைத்தார். என் கையை வைத்து எதையும் தொட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜெரால்டு அன்று என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "மறுபடியும் உள்ள எறங்குவீங்களா?"

"நாளைக்கே" என்றேன். அவர் சிரித்தார்.

வீடு போய்ச் சேரும்வரை அம்மா என்னோடு பேசவில்லை. இந்த வரன் அவ்வளவுதான் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். கிணறு கிடைத்த சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க முடியாமல் அதுவேறு உறுத்தியது. மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் திருவொற்றியூரிலிருந்து போன். "பொண்ணுக்குக் கால் எப்படிக் கீது?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, போனை வைத்த கையோடு பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள்.

ரோட்டு வேலை சில மாதம் நின்றது. நாங்கள் பெரிதாகத் தோண்டினோம். இந்தத் தடவை நாலு சுவரையும் படிப்படியாக வெட்டினேன். கிணற்று வளையங்களைப் பத்திரமாகப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். அந்த இடத்தில் இன்று லாரிகள் ஓடுகின்றன. அறிக்கையில் என் போட்டோ இருக்கிறது. 'உறைகிணறு, அளவுகோலுடன்' என்று கீழே போட்டிருக்கிறார்கள். அளவுகோலைப் பிடித்திருப்பது யாரென்று ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் குறையை என் மாமனார் தீர்த்துவைக்கிறார். எந்தக் கல்யாணப் பந்தியிலாவது புதிதாக யாராவது, "பையனுக்கு எங்க பொண்ணு எடுத்தீங்க?" என்று கேட்டால் போதும். அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு, "வள்ளூர் பக்கம். ஆளுயர ஆழத்துல" என்று ஆரம்பித்துவிடுவார்.

கேட்டவர் விழிப்பார். பக்கத்து இலையில் என் மாமியார் நிமிராமலே சொல்வார்: "கழுவினப்புறம்தான் இன்னா பொருளுன்னே தெரிஞ்சுது."