அக்கா கண்டுபிடித்த சாய்வு

மீட்டரின் முள் மூன்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு, இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

டிரைவிங் அக்கா மைக்கை வைத்துவிட்டு அதை முறைத்தாள். அவள் முறைத்தால் லாரி ஓட்டுகிறவர்களே ஓரம் கட்டுவார்கள். முள் சட்டை செய்யவில்லை. வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் ஒழுங்கான ஹாம் ரேடியோ நிலையத்தில் அந்த முள் ஒன்றை ஒட்டிப் படுத்துக் கிடக்க வேண்டும். மூன்றுக்கு ஏறினால், ஆன்டெனாவுக்குப் போன சக்தியில் ஒரு பங்கு வெளியே போகப் பிடிக்காமல் வந்த வழியே திரும்புகிறது என்று அர்த்தம்.

அதுவும் இன்றைக்குப் பார்த்து.

பிற்பகல் நாலு மணிக்கு, வடகோடியில் ஒரு பனித்தீவிலிருந்து சில ஆராய்ச்சிக்காரர்கள் ரேடியோவில் பேசப்போகிறார்கள். அத்தோடு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிடுவார்கள். அந்தத் தீவு அக்காவுக்குப் பதில் சொன்னால் மொட்டைமாடியில் அவளுடைய ஆன்டெனாக் கோபுரம் நிற்கும். சொல்லாவிட்டால் கோபுரம் இறங்கும், அந்த இடத்தில் நாத்தனாரின் டியூஷன் வகுப்புக்கு ஓர் அறை எழும்பும். இது குடும்பமே கூடி எடுத்த முடிவு. "இத்தனை வருஷத்துல அந்தக் கம்பத்துல காக்கா உட்கார்ந்ததைத் தவிர வேற ஒண்ணும் நடந்து நான் பாக்கலை அண்ணி" என்று நாத்தனார் சொன்னதும், அக்கா ரோஷத்தில் சரி என்று தலையாட்டிவிட்டாள். கணவர் யார் பக்கமும் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் கீழ்வீட்டில் இருப்பவள், காரியத்தில் கெட்டி. நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் வீணாகக் கூடாது என்று வெல்டரைக் காலையிலேயே வரவழைத்து, ஆரம்ப வேலைகளையும் தொடங்கச் சொல்லிவிட்டாள். அக்கா காலை டிரைவிங் வகுப்பை முடித்துக்கொண்டு மாடி ஏறியபோது, அவர் கேஸ் கட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோபுரத்தை வெல்டிங் செய்து நிறுத்தியவரும் அவரேதான்.

"அக்கா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தார். வயதில் மூத்தவரானாலும் தெருவே அக்கா என்று கூப்பிடுவதால் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"நாலு மணி வரைக்கும் உங்ககிட்ட எனக்குப் பேச்சு இல்லை. கட்டின கையாலேயே வெட்ட வந்திருக்கீங்க பாருங்க."

வெல்டர் வாயை மூடிக்கொண்டார். யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்கிறவர், பேசாதே என்று சொன்னாலும் சரி.

அக்காவுக்கு அந்தக் கோபுரத்தின் மேல் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மூன்று அடுக்கையும் அவளே காகிதத்தில் வரைந்தாள். ஒவ்வொரு மூட்டையும் பக்கத்தில் நின்று பற்றவைக்கச் சொன்னாள். துருப்பிடிக்காமல் இருக்க வருஷா வருஷம் அவள் கையாலேயே பெயின்ட் அடித்தாள். ஹாம் ரேடியோ சங்கத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் காசு கொடுத்து வாங்கிய கம்பத்தை நட்டுவைத்துக்கொண்டு பேசினார்கள், தன் கோபுரத்தைத் தானே பெற்றெடுத்தவள் அவள் ஒருத்திதான். அந்த வட்டாரத்தில் யாராவது வழி கேட்டால், "அதோ தெரியுது பாருங்க கோபுரம், அதுக்கு ரெண்டு வீடு தள்ளி" என்றுதான் சொல்வார்கள். அதைக் காதில் வாங்கும் போதெல்லாம் அக்காவின் கழுத்து தானாக ஓர் அங்குலம் உயரும்.

அவள் மாடியிலிருந்த ரேடியோ அறையைவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். டிரைவிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் அவள் சொல்லும் முதல் பாடமே, "தூரத்துல பாரு, மூக்குக்குக் கீழ பாக்காதே" என்பதுதான். தானும் அப்படியே பார்த்தாள். கோபுரத்தின் உச்சி கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. போன வாரத்துக் காற்றில் ஓர் இழுகம்பி தளர்ந்திருக்க வேண்டும். முள் ஏறியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கோபுரத்தை நாலு பக்கமும் பிடித்து நிறுத்துவது அந்த இழுகம்பிகள்தான், ஒன்றை இறுக்கினால் போதும்.

இறுக்கினாள்.

அதே நேரத்தில் கணவர் ஈரப் படுக்கைவிரிப்புகளை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர் அவர், கடைக்கு விடுமுறை என்றால் வீட்டில் துவைக்கும் நாள். ஒருமுறை கோபுரத்தின் இழுகம்பியில் அவர் சட்டை காயப்போட்டதற்கு அக்கா மூன்று நாள் பேசவில்லை. பிறகு மனமிரங்கி, தன் பழைய ஆன்டெனாவில் மிச்சமான செம்புக் கம்பியை அவருக்குத் தானமாகக் கொடுத்தாள். அதை அவர் தண்ணீர்த் தொட்டியின் தூணிலிருந்து மாடியின் அந்தக் கோடிவரை, கோபுரத்தின் அடியை ஒட்டினாற்போல், கோடு போட்ட மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார். அது அவருடைய ராஜ்ஜியம். அதில் அவருக்கும் சத்தமில்லாத ஒரு பெருமை உண்டு.

காலையிலேயே அலசிப் போட்டிருந்த துண்டுகளுக்குப் பக்கத்தில் இரண்டு விரிப்புகளை அவர் விரித்துப் போட்டு முடித்தபோது அக்கா ரேடியோ அறைக்குள் போய்ப் பார்த்தாள். முள் நாலில் நின்றது.

அதிகமாக இறுக்கிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, எதிர்ப்பக்கத்துக் கம்பியையும் இறுக்கினாள். இரண்டு சுற்று சுற்றுவதற்குள் அந்தக் கம்பியைப் பிடித்திருந்த கொக்கி, கைப்பிடிச் சுவரின் பூச்சோடு பெயர்ந்துவந்து அவள் காலடியில் விழுந்தது. கோபுரம் மறுபக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டது.

உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தாள். இந்தக் கூத்துக்கு நடுவில் வெயிலில் விரிப்புகள் பாதி காய்ந்திருந்தன. முள் மூன்றுக்கு இறங்கியிருந்தது.

"வழிக்கு வருது" என்றாள் அக்கா.

அவிழ்ந்த கம்பியை எதிலாவது கட்ட வேண்டும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் குழாய் இருந்தது, அதில் கட்டினாள். குழாய் அதைத் தாங்குமா என்று கணவர் மெல்லக் கேட்டார். மருந்துச் சீட்டைப் படிக்கிறவருக்குக் கட்டுமான விஷயத்தில் கருத்து எதற்கு என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், குழாய் பதில் சொல்லிவிட்டது. தண்ணீர் பீறிட்டு மாடி முழுக்க ஓடியது. காய்ந்துகொண்டிருந்த விரிப்புகளில் சேறு தெறித்தது. சற்று நேரத்தில் கீழேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"அண்ணி, என் கட்டில் மேல மழை பெய்யுது."

வெல்டர் எழுந்து வந்து குழாயை அடைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அக்கா, அந்த விஷயம்…" என்றார். அக்கா கையை உயர்த்தினாள். டிரைவிங் வகுப்பில் அந்தக் கை உயர்ந்தால் வண்டி நிற்க வேண்டும். வெல்டரும் நின்றார்.

கணவர் விரிப்புகளை மறுபடி அலசி, கூடவே தலையணை உறைகள், சட்டைகள், மாடி துடைத்த பழந்துணி எல்லாவற்றையும் சொட்டச் சொட்டக் கம்பி நெடுகக் காயப்போட்டார். அக்கா உள்ளே மைக்கை அழுத்திச் சோதித்தாள். முள் ஏறிப்போய்க் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டது. அதே சமயம் வெளியே கணவர் கையை உதறினார்.

"கம்பியைத் தொட்டா விரல் சுர்ருங்குதே" என்றார்.

"சோப்புத் தூளைக் குறைச்சுப் போடுங்க. எத்தனை தடவை சொல்றது."

மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது. நாளைக்குக் காலையில் யாராவது வழி கேட்டால் தெருக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அக்கா ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே அதைத் துடைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரிலிருந்து தெருவை எட்டிப் பார்த்தாள். கீழே அவளுடைய டிரைவிங் பள்ளிக் கார் நின்றது. உலகத்தில் அவள் முழுதாக நம்பிய இரண்டாவது பொருள் அது.

இழுகம்பியைத் தெருப்பக்கம் தொங்கவிட்டு, இறங்கிப் போய், காரின் பின்னாலிருந்த கொக்கியில் இழுத்துக் கட்டினாள். ஹேண்ட்பிரேக்கை இரண்டு முறை சரிபார்த்தாள். கோபுரம் கிட்டத்தட்ட நேராக நின்றது. மேலே வந்து ரேடியோவின் முன் உட்கார்ந்தாள். முள் கடைசிக் கோட்டைவிட்டு நகரவில்லை.

நாலு மணி. நாத்தனார் கதவோரம் வந்து கைகட்டி நின்றாள். பின்னால் வெல்டர் கட்டரோடு நின்றார். ரேடியோவில் வெறும் இரைச்சல். அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல, யாரோ பேசுவது லேசாகக் கேட்டது. பனித்தீவு. ரேடியோவில் தன் பெயருக்குப் பதிலாக இருந்த அழைப்புக்குறியை அக்கா சொன்னாள். பதில் இல்லை. மறுபடி சொன்னாள். தீவு வேறு யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

"போதும் அண்ணி" என்றாள் நாத்தனார். அவள் குரலில்கூடக் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது.

நாலு மணிக்கு ஒரு மாணவிக்கு வகுப்பு இருப்பதை அக்கா அடியோடு மறந்திருந்தாள். மாணவியோ மறக்கவில்லை. தான் வருவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து தயாராக இருக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். அவள் சட்டப்படி ஏறி உட்கார்ந்தாள், சாவியைத் திருப்பினாள், கியரைப் போட்டாள், ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள், இத்தனை நாளும் எப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கப்பட்டதோ அப்படியே கிளட்சைப் பட்டென்று விட்டாள். கார் ஒரே ஒரு குதி குதித்து அணைந்துபோனது.

மாடியில் கோபுரம் க்ரீச்சென்று முனகிக்கொண்டு தெருப்பக்கம் சாய்ந்தது. குனிந்து தெருவில் யார் போகிறார்கள் என்று பார்ப்பது போல, பாதியில் நின்றது. கணவர் வேறு எதையும் யோசிக்கவில்லை. கம்பியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடி, அத்தனை துணியையும் ஒரே மூச்சில் வாரி மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டுக்குள் பாய்ந்தார்.

உள்ளே அக்காவின் கண் முன்னால் முள் இறங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று. ஒன்றின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

அக்கா மைக்கை அழுத்தி அழைப்புக்குறியைச் சொன்னாள். இரைச்சல் விலகியது. வடகோடியில், பனிக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒருவன், அவளுடைய அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாக அவளிடமே திருப்பிச் சொன்னான். ஐந்து, ஒன்பது என்றான். ஹாம் ரேடியோக்காரர்களுக்கு அது நூற்றுக்கு நூறு. இவ்வளவு தெளிவான குரலை இன்று கேட்கவில்லை, உங்கள் ஆன்டெனாவுக்கு என் வணக்கம் என்றான்.

அக்கா அழுதாள், சிரித்தாள், நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் "கிளட்ச்" என்று ஏதோ உளறினாள்.

அடுத்து நடந்ததுதான் அதிசயம். நாத்தனார் தன் போனை எடுத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் பேச ஆரம்பித்தாள். "எங்க அண்ணிதான். வேற யாரு? பனித்தீவுக்காரனே வணக்கம் சொல்றான். அவங்களே கட்டின கோபுரம்." டியூஷன் அறையைக் கீழேயே கட்டிக்கொள்ளலாம் என்று அவளே அறிவித்தாள். கணவர் ஈரத் துணி மூட்டையோடு வாசலில் நின்று, மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒருத்திக்குத் துணி துவைத்துப் போடுவதே கௌரவம் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

சங்கத்தின் செயலரும் கூப்பிட்டுவிட்டார். அவருடைய விலையுயர்ந்த கம்பத்துக்கு அந்தத் தீவு பதிலே சொல்லவில்லையாம். எப்படி முடிந்தது என்று கேட்டார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எல்லாம் சாய்வுலதான் சார் இருக்கு. நேரா நின்னா சிக்னல் தலைக்கு மேல போயிடும். வடக்குப் பக்கம் போகணும்னா கோபுரம் தெருப் பக்கம் சாயணும். இது யாருக்கும் தெரியாது."

செயலர் அசந்துபோனார். நாளைக் காலை அளவெடுக்க வருவதாகவும், சங்கத்தில் எல்லோருடைய கம்பத்தையும் அதே கோணத்துக்குச் சாய்த்துவிடலாம் என்றும் சொன்னார். அடுத்த கூட்டத்தில் அக்காதான் சிறப்புப் பேச்சாளர்.

அக்கா போனை வைத்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தாள். குனிந்து நின்ற கோபுரத்தை அண்ணாந்து கண்ணாரப் பார்த்தாள். காரை யாரும் தொடக் கூடாது என்றும், மாணவி ஆட்டோவில் வீட்டுக்குப் போகட்டும் என்றும் உத்தரவு போட்டாள். கடைசியாக வெல்டர் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து இப்போதுதான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசினாள்.

"இந்தச் சாய்வு இம்மி மாறக் கூடாது. அப்படியே வெச்சு நிரந்தரமா வெல்டிங் பண்ணிடுங்க."

வெல்டர் கட்டரை ஓரமாக வைத்துவிட்டு, பணிவாகத் தலையைச் சொறிந்தார்.

"பண்ணிடலாம் அக்கா. கீழ்வீட்டம்மா சொன்னாங்கன்னு காலையில கோபுரத்திலேர்ந்து உங்க ரேடியோ ரூமுக்குள்ள போற ஒரு கேபிளைக் கழட்டி, கீழ கிடந்து தடுக்க வேணாம்னு அய்யாவோட துணிக்கம்பியில சுத்தி வெச்சேன், அதை மறுபடியும் கோபுரத்துல மாட்டணுமா, இல்லை அங்கேயே இருக்கட்டுமா?"