தபால் எண் 417: கிடார் ஒன்று

ஓர் அரசு ஊழியர் எத்தனை கிடார் வைத்துக்கொள்ளலாம் என்று விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை. நான் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே ஏழு வைத்திருந்தேன்.

ஏழும் எலெக்ட்ரிக் கிடார். ஏழும் மலிவானவை. மலிவு என்ற சொல்லை நான் எடுத்தாலே என் மனைவி அமுதவள்ளி, "ஏழு மலிவு சேந்தா அதுக்கு என்ன பேரு?" என்று கேட்பாள். அவளுக்கு இந்தத் துறையில் பயிற்சி கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள், இந்தக் காலத்து மலிவு கிடாரில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பார்கள். 'தென்மாவட்டக் கிடார் அன்பர்கள்' என்ற எங்கள் வாட்ஸப் குழுவில் தினமும் ஒருவர் இதைச் சொல்வார். மீதி அறுபத்திரண்டு பேரும் கட்டைவிரலைத் தூக்குவோம். குழு தொடங்கி நான்கு வருடமாகிறது. ஒருவர் வாசித்து இன்னொருவர் கேட்டதாகத் தகவல் இல்லை. படம் போடுவோம். சோபாவில் சாய்த்து ஒரு படம், பீரோவில் சாய்த்து ஒரு படம். வசதியுள்ளவர்கள் மொட்டைமாடியில் வைத்து எடுப்பார்கள்.

என் வித்தையையும் மறைக்க விரும்பவில்லை. கம்பிகளைச் சேர்த்து அமுக்கி ஒன்றாக மீட்டும் கார்டு, அது எனக்கு மூன்றரை தெரியும். மூன்று முழுசாக வரும். நான்காவதற்கு ஒரே விரலால் ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும். என் விரல் மூன்றை அமுக்கிவிட்டு ஓய்வெடுக்கும். திருச்சுழியில் ஆபீஸ் முடிந்து பஸ் பிடித்து அருப்புக்கோட்டைக்கு வந்து, முகம் கழுவிக்கொண்டு கிடாரோடு உட்காருவேன். முதலில் துடைப்பேன். பிறகு சுருதி சேர்ப்பேன். கம்பிகளின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுவேன், சரியில்லை என்று குறைப்பேன். அதற்குள் அமுதவள்ளி தோசை ஊற்றிவிடுவாள். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. ஆம்ப்ளிஃபயரை எவ்வளவு கூட்டினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. எனக்கும் கேட்காது. எலெக்ட்ரிக் கிடார்காரனுக்கு இதைவிட நல்ல தெரு அமையாது.

இந்த நிலையில்தான் எட்டாவதாக ஒரு செமி ஹாலோ கிடார் மேல் ஆசை வந்தது. சாதாரண எலெக்ட்ரிக் கிடார் முழுக் கட்டை. செமி ஹாலோவில் நடுவில் மட்டும் ஒரு கட்டை ஓடும், இரண்டு பக்கமும் உள்ளே காலியாக இருக்கும், மேல்பலகையில் வளைவாக இரண்டு துளை. கரண்டு இல்லாவிட்டாலும் கொஞ்சம் சத்தம் வரும். நான் பார்த்தது செர்ரிச் சிவப்பு. எட்டு மாதம் அதன் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன் அமுதவள்ளியின் படத்தைக்கூட அவ்வளவு நாள் பார்த்ததில்லை. அவளோ, "எட்டாவது இந்த வாசப்படி ஏறுச்சுன்னா, ஏழையும் சேத்து பழைய சாமான்காரருட்டப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஆபீஸ் விலாசத்துக்கு வரவழைத்தேன். இதுவரை நான் செய்த முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தினால் இது முதலில் வரும்.

நான் வேலை பார்ப்பது மானாவாரி நிலச் சான்று தனி அலுவலகத்தில். மழையை மட்டும் நம்பியிருக்கும் நிலத்துக்கு, அது மழையை மட்டும் நம்பியிருக்கிறது என்று சான்று கொடுப்பது எங்கள் பணி. எங்கள் பக்கத்தில் நின்ற இடத்திலிருந்து சுற்றிப் பார்த்தாலே தெரிகிற விஷயம்தானே என்று சிலர் கேட்பதுண்டு. சான்று இல்லாமல் ஒரு நிலம் காய்ந்திருக்கிறது என்று எப்படி முடிவுக்கு வருவது? அந்தச் சான்றுப் பிரிவின் உதவியாளர் நான்தான். போன வருடம் ஒரு மனு காணாமல் போனபோது சுற்றறிக்கை தயாரிக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. 'அலுவலக வாசலைக் கடந்து உள்ளே வரும் எப்பொருளாயினும் பிரித்துச் சரிபார்த்துத் தபால் பதிவேட்டில் எண்ணிடப்பட வேண்டும். அவ்வாறு எண்ணிடப்பட்ட எப்பொருளும் அலுவலரின் இறுதி ஆணையின்றி வெளியே செல்லலாகாது' என்று எழுதினேன். 'எப்பொருளாயினும்' என் சொந்தச் சொல். எங்கள் அலுவலர் பொன்னுச்சாமி சார் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் பாராட்டினார். ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

கிடார் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் டீக்கடையில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், தபால் பிரிவு பாண்டிராஜ் பெட்டியைப் பிரித்து, கிடாரைக் குப்புறப் படுக்கவைத்து, அந்தச் செர்ரிச் சிவப்பு முதுகில் பசை தடவிச் சீட்டு ஒட்டி, முத்திரை குத்தி முடித்திருந்தார். எண் 417.

"பாண்டி, இது என் சொந்தச் சாமான்யா!"

"தெரியும்ணே. உங்க பேருதான் போட்டிருக்கு. எப்பொருளாயினும்னு நீங்கதானண்ணே எழுதுனீக?"

"அது காகிதத்துக்கு எழுதுனது."

"காகிதம்னு எழுதியிருந்தீகன்னா காகிதத்துக்கு மட்டும் குத்தியிருப்பேன்."

பாண்டிராஜைப் பயிற்றுவித்தவன் நான். கிடார் ரெக்கார்டு ரூமுக்குப் போனது. மேலே தகரக் கூரை. அது சித்திரை மாதம். மத்தியானத்தில் அந்த அறைக்குள் கோந்து பாட்டிலே உருகி வழியும். நான்கு நாள் சூட்டில் கிடார் கழுத்து வளையும், ஒட்டு விடும். வளைந்த கிடார் சுவரில் மாட்டத்தான் உதவும். ஏற்கெனவே என்னிடமிருந்த ஏழும் சுவரில்தான் மாட்டியிருந்தன என்பது வேறு விஷயம்.

உடனே கிடாரை விடுவிக்கக் கோரிக் கண்காணிப்பாளர் முருகலட்சுமி மேடத்திடம் மனு கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"செமி ஹாலோன்னு போட்டிருக்கீக. அப்டின்னா?"

"உள்ள பாதி காலியா இருக்கும் மேடம்."

"மீதி?"

"மீதி கட்டை."

"நான் அதக் கேக்கல. காலியா இருக்க பாதி எங்க போச்சு?"

"எங்கயும் போகல மேடம். செய்யும்போதே காலி."

"நம்ம ஆபீசுக்குள்ள வந்த பெறகு காலியாகலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்? மேல வேற ரெண்டு ஓட்டை இருக்கு. நாளைக்கு ஆடிட்டுல கேட்டா நானா ஊதிக் காட்ட முடியும்?"

'பொருள் பாதி காலியாகவும் மேற்புறம் இரு துளைகளுடனும் காணப்படுகிறது. உரியவரிடம் விளக்கம் கோரலாம்' என்று குறிப்பு எழுதினார். விளக்கம் கோரும் குறிப்பாணைகளைத் தயாரிப்பதும் என் பிரிவுதான். மூன்று நாளில் பதில் தராவிட்டால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று எனக்கு நானே எழுதி, எனக்கு நானே கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். கடுமையான நடைதான். மற்றவர்களுக்கு எழுதும்போது அது இவ்வளவு கடுமை என்று எனக்குத் தெரிந்ததில்லை. பயந்துபோய் அன்றே பதில் எழுதினேன்.

கோப்பு பொன்னுச்சாமி சாரிடம் போனது. அடுத்த திங்கட்கிழமை கூப்பிட்டார்.

"செல்வக்குமார், இது உங்களோடதுன்னு எப்படி நம்பறது? தாலுகாவுல எத்தனை செல்வக்குமார் இருக்காங்க?"

"ஆதார் கார்டு இருக்கு சார்."

"ஆதார் உங்களைத்தான் செல்வக்குமார்னு சொல்லும். கிடாரைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? பட்டா காட்டுறாங்கங்கிறதுக்காக மானாவாரின்னு உடனே சான்று குடுத்துடறோமா? கள ஆய்வு பண்ணாம விடறோமா?"

"இல்ல சார்."

"கமிட்டி போடுவோம். வாசிச்சுக் காட்டுங்க. வாசிச்சா உங்களோடது. இல்லைன்னா நிபுணர் கருத்துக்கு மாவட்டத்துக்கு அனுப்பிடுவோம்."

எங்கள் ஆபீஸ் ஜீப் ஆறு வருடம் முன்பு நிபுணர் கருத்துக்காக மாவட்டத்துக்குப் போனது. இன்னும் கருத்து வரவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அலுவலர் அறையில் கமிட்டி கூடியது. பொன்னுச்சாமி சார், முருகலட்சுமி மேடம், எழுதிக்கொள்ளப் பாண்டிராஜ். ஆய்வுப் படிவத்தில் 'பொதுமக்கள் தரப்புச் சாட்சி' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தைச் சேர்த்தவனும் நானே. பாண்டிராஜ் வெளியே எட்டிப் பார்த்தார். வராந்தா பெஞ்சில் ஆவுடைத்தாய் என்ற அம்மா மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு ஏக்கர் பருத்திக் காடு காய்ந்துபோய், நிவாரணத்துக்காக மானாவாரிச் சான்று கேட்டு ஒரு வருடமாக வந்துகொண்டிருப்பவர். அவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். எங்கள் ஆபீசில் மனுதாரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

கிடாரை என் கையில் கொடுத்தார்கள். கண்ணருகே உயர்த்திக் கழுத்தைப் பார்த்தேன். நேராக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சூட்டில் கம்பிகள் இறங்கியிருந்தன, ஆகவே சுருதி சேர்த்தேன். தூசியைத் துடைத்தேன். கம்பி உயரம் கொஞ்சம் கூடுதலாகப் பட்டதால் குறைத்தேன். அப்புறம் கூட்டினேன். கமிட்டிக்கு டீ வந்தது. நடுக்கட்டை எப்படிச் சத்தத்தைத் தாங்குகிறது, இரண்டு பக்கக் காலி எப்படிச் சத்தத்தை வளர்க்கிறது என்று விளக்கினேன். முருகலட்சுமி மேடம் 'காலி' என்ற சொல் வரும்போதெல்லாம் குறித்துக்கொண்டார்.

"ஆரம்பிக்கலாமே," என்றார் பொன்னுச்சாமி சார்.

"ரெண்டாவது கம்பி மட்டும் சார்."

நாலேகால் ஆயிற்று. ஆரம்பித்தேன். முதல் கார்டு வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. நான்காவதுக்கு விரல் போய் நின்றது. பாதியை அமுக்கியது. டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. அத்தோடு நின்றுபோனது.

"முதல்ல இருந்து ஆரம்பிக்கவா சார்?" என்றேன்.

சார் சாட்சி பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவர் வாசிச்சாரா? பார்த்ததை உள்ளபடி சொல்லுங்க."

ஆவுடைத்தாய் யோசித்துத்தான் சொன்னார். "வாசிச்சாகளான்னு எனக்குத் தெரியலைய்யா. தொடச்சாக. முறுக்குனாக. காதுகிட்ட வச்சுப் பாத்தாக. பெறகும் முறுக்குனாக. நானும் ஒரு வருசமா இந்த ஆபீசுக்கு வாரேன். இங்க எல்லாருமே இப்பிடித்தான், இந்தா ஆரம்பிக்கப் போறோம்னுட்டே உக்காந்திருக்காக. அதனால இந்தச் சாமான் இவுகளோடதாத்தான் இருக்கும். வெளியாளு சாமானா இருந்தா இந்நேரம் வாசிச்சிருப்பான்."

பாண்டிராஜ் ஒரு சொல் விடாமல் எழுதினார்.

"நடுவுல அந்த ரெண்டு வரிய எடுத்துருங்க," என்றார் முருகலட்சுமி மேடம்.

"சாட்சி சொன்னத மாத்தக் கூடாதுன்னு படிவத்து அடியில போட்டிருக்கு மேடம்," என்று பாண்டிராஜ் என்னைப் பார்த்தார். அந்த வரியும் என்னுடையதுதான்.

ஆவுடைத்தாய் கையெழுத்துப் போட்டார். பொன்னுச்சாமி சார் தாளை வாங்கிப் படித்தார். பயன்படுத்தத் தெரியாதவரிடம் ஒரு பொருளை ஒப்படைக்க முடியாது என்று ஆணையிட்டால் அது முன்னுதாரணமாகிவிடும். அவர் மேசையில் மூன்று வருடமாக உறை கழற்றாத கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதன் மேல்தான் டீ டம்ளரை வைத்திருந்தார். டம்ளரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, 'சாட்சியம் ஏற்கப்படுகிறது. பொருளை விடுவிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேடமும் அவசரமாக இட்டார். ஒன்பதே நாளில் ஒரு கோப்பு முடிந்தது எங்கள் ஆபீஸ் வரலாற்றில் முதல் தடவை.

சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிடாரைத் தூக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. மேசையில் நிலுவைக் கோப்புகள் மெத்தையாக அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் பதனமாகப் படுக்கவைத்தேன்.

ஆவுடைத்தாய் பின்னாலேயே வந்து நின்றார். "இதுக்கு அடியில இருக்கதுல ஒண்ணு என்னோடதுதானய்யா?"

மேலிருந்து இரண்டாவது அவருடையது. என் சுருக்கொப்பம் ஒன்றுதான் பாக்கி என்பது எனக்குத் தெரியும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. மத்தியானம் முழுக்கக் கமிட்டியில் போய்விட்டது.

"நாளைக்கு வாங்கம்மா," என்றேன்.

அவர் மஞ்சள் பையைக் கையில் சுற்றிக்கொண்டார். "வாரேன். நாளைக்காச்சும் ஆரம்பிச்சிருவீகளா?"

"கண்டிப்பா," என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கம்பி மறுபடி இறங்கியிருப்பதாகத் தோன்றவே, குனிந்து அதை முறுக்கத் தொடங்கினேன்.